உதாரணத்துக்கு ஒரு வீடு

“வந்துட்டியாடா? கதவைச் சாத்தட்டுமா?”

சொல்லிவிட்டு அவர் அசையாமல் நின்றார். வலது கை, இல்லாத ஒரு தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது. தலை தெருப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. ஐம்பதைத் தாண்டிய ஆணின் தொண்டையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்திருந்தது. சற்றுக் கரகரப்பு, ‘சாத்தட்டுமா’வின் கடைசியில் ஒரு சின்ன இழுப்பு. பேனாக்கள் நின்றுவிட்டன. மின்விசிறி மட்டும் கடகடத்தது.

“யாரைக் கேக்குறாங்க? தம்பியை. தம்பி எங்க? செத்துப்போயிட்டான். ஆனா எதிர்ல நிக்கிற மாதிரி வச்சுக் கேக்குறாங்க. இல்லாத ஆளைப் பார்த்து நேராப் பேசுறது. இதுக்குப் பேரு?”

“அப்பாஸ்ட்ரஃபி” என்றது வகுப்பு.

“எழுத்துக்கு மேல போடுற கொக்கியைப் பத்தி எழுதி வச்சிடாதீங்க. போன வருஷம் ஒரு மகராசன் ஒரு பக்கம் எழுதினான்.”

அப்போது கடைசி பெஞ்சிலிருந்து, வர வேண்டிய நேரத்துக்குச் சரியாக வந்தது: “சாத்துங்கக்கா, கொசு வருது!”

அறை குலுங்கியது. அவரும் சிரித்தார். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த சொல்லை எழுதினார்.

அவருக்கு டெர்ம்ஸ் சார் என்று பெயர். வீட்டில் வைத்த பெயர் வாடகை ரசீதில் மட்டும் இருந்தது. ஆங்கில இலக்கியம் படிக்கிற பிள்ளைகள் கவிதையில் தேறிவிடுவார்கள், நாடகத்தில் தேறிவிடுவார்கள், அணிகளும் ‘டெர்ம்ஸ்’ எனப்படும் இலக்கியக் கலைச்சொற்களும் வரும் அந்த ஒரு தாளில் கவிழ்வார்கள். கவிழ்ந்தவர்கள் பேட்டரிக் கடைக்கு மேலே இருந்த அவருடைய ஒற்றை அறைக்கு ஏறி வருவார்கள். அவரும் ஒரு காலத்தில் கல்லூரி ஆசிரியராகும் கனவில் இருந்தவர்தான். நேர்காணலுக்குப் போய்ப் போய்ச் சட்டைக் காலர் தேய்ந்ததுதான் மிச்சம். பிறகு அந்த அறையைப் பிடித்தார்.

ஆரம்பத்தில் புத்தகத்து உதாரணங்களைத்தான் சொன்னார். நிலா, கடல், ரோஜா, யாரோ ஒரு அரசனின் வாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் கேட்டால் திருதிருவென்று விழித்தார்கள். வருகிற கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு மத்தியானம், பாதி வகுப்பு தூங்கிவழிந்த நேரத்தில், ஒருத்தி கேட்டாள்: “சார், ஹைப்பர்போல்னா என்ன சார்? ஒரே வரியில சொல்லுங்க.” அவர் அன்று காலைதான் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“‘ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு லட்சம் தடவ சொல்லிட்டேன்.’ இதுதான் ஹைப்பர்போல், மிகைப்படுத்திச் சொல்றது. என் வீட்டம்மா சொன்னது.”

வகுப்பு விழித்துக்கொண்டது. அடுத்த வாரம் யாருக்கும் அது மறக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டில் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தார். அவர் மனைவி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். லென்ஸை விளிம்பு தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவள் வேலை. நாள் முழுக்கப் பொடிப்பொடித் திருகாணிகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவளுக்கு நாக்கும் அதே மாதிரிச் சின்னதாக, கூராக இருந்தது. பால் வாங்கப் போனவர் பேச்சுச் சுவாரசியத்தில் வெறும் கையோடு திரும்பினால், “வாங்க, உலகத்தையே காப்பாத்திட்டு வர்றீங்க” என்பாள். அது அயரனி, நேரெதிர் அர்த்தத்தில் சொல்வது. நாத்தனார் சமையலைப் பற்றிக் கேட்டால், “வாயில வைக்க முடியலன்னு சொல்ல மாட்டேன்” என்பாள். அது லைட்டோட்டிஸ், எதிர்மறையால் அடக்கிச் சொல்வது. “எங்க அண்ணன் வீடு வாங்கினாரு, கார் வாங்கினாரு, நீங்க ஒரு குடை வாங்கினீங்க.” அது ஆன்டிகிளைமாக்ஸ், மேலே ஏற்றிக் கடைசியில் சப்பென்று இறக்குவது. இந்தக் கடைசி வரியைக் கேட்ட இரவு அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவர் புரண்டு படுத்து, மறக்காமல் இருக்க மனசுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வரியை மட்டும் சொன்னால் போதாது என்று சீக்கிரமே தெரிந்தது. குரலோடு சொன்னால்தான் ஒட்டியது. குரல் வந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது, அப்படியே வந்தது. படிகளில் மறுபடியும் செருப்புகள் நிறைந்தன.

மனைவிக்கு இது எதுவும் தெரியாது. கடையில் யாராவது கேட்டால், “அவரு இங்கிலீஷ் இலக்கியம் சொல்லிக்குடுக்குறாரு, அதெல்லாம் பெரிய விஷயம்” என்பாள்.

அவளுடைய தம்பி பள்ளிக்கூட நாளிலிருந்து அவர்களோடுதான் இருந்தான். பிள்ளையில்லாத வீட்டில் பிள்ளை மாதிரி வளர்ந்தான். பிறகு சரக்கு வேன் ஓட்டினான். அவன் வண்டியை விட்டுவிட்டு வரும்வரை அவள் வாசல் கதவைச் சாத்தாமல் வைத்திருப்பாள். செருப்புச் சத்தம் கேட்டதும் சமையலறையிலிருந்தே குரல் கொடுப்பாள்: “வந்துட்டியாடா? கதவைச் சாத்தட்டுமா?” அவன் “சாத்துக்கா” என்பான். அவ்வளவுதான் அவர்களுடைய பேச்சு. ஒரு மழை நாளில் மலைச்சாலையில் வேன் உருண்டது.

அது நடந்து இப்போது நாலு வருஷம். சாயங்காலம் இருவரும் சேர்ந்துதான் வீட்டுக்கு வருவார்கள். அவர் நேராகக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து கைகால் கழுவுவார். அவள் வாசலில் நிற்பாள். தினமும் அப்படித்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. திருகிவிட்டு அவர் சும்மா நின்றார். அப்போதுதான் கேட்டது. குரல் தாழ்ந்து, ஆனால் கேள்வி கேட்பது போலவே, பதிலுக்கு இடம் விட்டு.

“வந்துட்டியாடா? கதவைச் சாத்தட்டுமா?”

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது உண்மை. அதற்குப் பின்னாலேயே, வாசலில் காத்திருந்த மாதிரி, அந்தச் சொல்லும் வந்தது. அப்பாஸ்ட்ரஃபி. அதுவும் உண்மை. அந்தச் சொல்லுக்கு அதுவரை அவரிடம் நல்ல உதாரணம் இல்லை.

முதல் தடவை வகுப்பில் சொன்னபோது ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த அமைதி அவருக்குப் பிடித்திருந்தது. அடுத்த தடவை கையையும் சேர்த்துக்கொண்டார். அதற்கடுத்த தடவை தலைச் சாய்வையும். போன வருஷம் எவனோ ஒருவன் அந்தக் கொசுவை விட்டான். வகுப்பு வெடித்துச் சிரித்தது. அவள் இடம் விட்டுக் காத்திருந்தாளே, அந்த இடத்தில் ஒருவன் பதில் சொல்லிவிட்டான். ஆனால் அறுபது முகங்கள் சிரிக்கும்போது ஒரு முகம் மட்டும் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? சிரித்தார். பிறகு அது ஒரு பேட்ச் அடுத்த பேட்ச்சுக்கு விட்டுப்போகிற சொத்தாகிவிட்டது. கொசு வரவில்லை என்றால் அவரே கடைசி பெஞ்சைப் பார்ப்பார்.

அன்று வகுப்பை முடித்து, வழக்கம் போல மனைவியைக் கூட்டிப்போகக் கண்ணாடிக் கடைக்குப் போனார். கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தபோது உள்ளே மனைவி தரையில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

“இந்தக் கடையில நான் தேடுன ஸ்க்ரூவையெல்லாம் சேர்த்தா ஒரு கப்பலே கட்டலாம்.”

மேசைக்கு எதிரில் நின்றிருந்த பெண் சட்டென்று நிமிர்ந்தாள். கையில் கால் கழன்ற கண்ணாடி. போன வருஷ பேட்ச், முதல் பெஞ்சு. அவருக்கு ஆள் தெரிந்துவிட்டது.

“அக்கா, ஒரு நிமிஷம். நீங்க டெர்ம்ஸ் சார் வீட்டம்மாவா?”

“ஆமா. உனக்கு எப்படித் தெரியும்?”

“குரல்! அதே குரல். ஐயோ, அக்கா, எங்க பேட்ச்ல எல்லாரும் உங்க ஃபேன்.”

“எனக்கா? ஏம்மா, ஆளை மாத்திச் சொல்றியா?”

அவர் ஃபிரேம்கள் தொங்கிய சுழல் தாங்கிக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

“‘ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதீங்கன்னு லட்சம் தடவ சொல்லிட்டேன்.’ நீங்க சொன்னதுதான? ஹைப்பர்போல். ‘உலகத்தையே காப்பாத்திட்டு வர்றீங்க.’ அயரனி. எங்க வீட்ல எங்கப்பா லேட்டா வந்தா நான் இதைத்தான் சொல்றேன்.”

மனைவி சிரித்துவிட்டாள். கல்லாவில் இருந்த முதலாளியும் சிரித்தார். “அப்ப நம்ம கடையில ஒரு பாடப் புத்தகமே உக்காந்து வேலை பாக்குதுன்னு சொல்லும்மா.”

“அட, சும்மா இருங்க முதலாளி. இதையெல்லாமா சொல்லிக்குடுக்குறாரு மனுஷன்? நான்கூட என்னமோ பெரிசா இருக்கும்னு நெனச்சேன்.” அவள் முகம் சிவந்திருந்தது. வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்த சிவப்பு. “வேற என்னென்ன சொல்லியிருக்காரு?”

அந்த நேரத்தில் அவர் முன்னால் போயிருக்கலாம். ‘என்னம்மா, நல்லாருக்கியா’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பேச்சு திரும்பியிருக்கும். அவர் போகவில்லை. அவள் சிரிப்பதைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று இருந்தது.

“குடை இருக்கு, நாத்தனார் சமையல் இருக்கு. ஆனா எல்லாத்தையும்விட அந்தக் கதவுதான் அக்கா சூப்பர்.”

“எந்தக் கதவு?”

பெண் கண்ணாடியை மேசையில் வைத்தாள். வலது கையை உயர்த்தி, இல்லாத தாழ்ப்பாளைப் பிடித்தாள். தலையைச் சாய்த்தாள். “வந்துட்டியாடா? கதவைச் சாத்தட்டுமா?” அவருடைய நடிப்பை அவள் நடித்தாள். இழுப்பு உட்பட எல்லாம் சரியாக இருந்தது.

“அப்பாஸ்ட்ரஃபி. எங்க செட்ல அத்தனை பேரும் பரீட்சையில இதையேதான் எழுதினோம். பேப்பர் திருத்துன மேடம் எங்க காலேஜுக்கு ஃபோன் பண்ணி இது யாரு எழுதின கவிதைன்னு கேட்டாங்களாம்! அதுலயும் கடைசி பெஞ்சுல ஒருத்தன் இருப்பான் அக்கா, சார் சொல்லி முடிச்சதும், ‘சாத்துங்கக்கா, கொசு வருது’ம்பான். கிளாஸே உருளும். சார்கூட விழுந்து விழுந்து சிரிப்பாரு.”

முதலாளி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கு அந்தத் தம்பியைத் தெரியும். கடைக்குச் சரக்கு இறக்கியவன்.

மனைவி திருகாணியைக் கண்டுபிடித்திருந்தாள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெண் எதிர்ச் சுவரின் நிலைக்கண்ணாடியில் அவரைப் பார்த்துவிட்டாள். “இதோ சாரே வந்துட்டாரு! சார், சார், ஒரே ஒரு தடவ சொல்லுங்க சார். ஒரிஜினலும் டூப்ளிகேட்டும் ஒண்ணா கெடைக்கிறது எப்ப?”

அவர் வெளியே வந்தார். தாங்கியின் நாலு பக்கமும் பட்டையாகக் கண்ணாடி. கடந்து வருகையில் எல்லாவற்றிலும் அவர் முகம் துண்டுதுண்டாக வந்து போனது.

“சொல்லுங்க” என்றாள் மனைவி. குரலில் கோபம் இல்லை. “நானும் கேக்குறேன்.”

வகுப்பில் வாயிலிருந்து தானாக விழுகிற வரி. வாய் திறந்தது. எதுவும் வரவில்லை. பெண்ணைப் பார்த்து, “கண்ணாடி ரெடியாயிடுச்சாம்மா?” என்றார்.

மனைவி திருகாணியை வைத்து முறுக்கினாள். லென்ஸைத் துடைத்தாள். கண்ணாடியைத் தன் கையாலேயே பெண்ணின் முகத்தில் மாட்டிவிட்டு, “மூக்குல அழுத்துதா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பெண்ணுக்கு ஏதோ புரிந்த மாதிரியும் புரியாத மாதிரியும் இருந்தது. “சாரி சார்” என்றாள். எதற்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

கடையிலிருந்து வீடு நடக்கிற தூரம். வழக்கமாக அந்த வழி முழுக்க அவள்தான் பேசுவாள். அன்று சைக்கிள் கடை தாண்டியும் பேசவில்லை.

“பசங்களுக்குப் புரியணுமேன்னு...” என்று அவர் ஆரம்பித்தார்.

“அதுக்கு எத்தனை மார்க்?”

“எதுக்கு?”

“கதவுக்கு.”

“ரெண்டு மார்க்.”

அவள் தலையை ஆட்டினாள். கடையில் விலை கேட்டுக்கொண்ட மாதிரி.

“அந்தப் பையன் கொசுன்னு சொன்னப்ப நீங்க சிரிச்சீங்களா?”

பொய் சொல்ல நேரம் இருந்தது. “சிரிச்சேன்.”

கொஞ்ச தூரம் நடந்தாள். “எந்தம்பி ‘சாத்துக்கா’ன்னு மட்டும்தான் சொல்லுவான். கொசுன்னெல்லாம் சொன்னதில்ல.”

எதிரே வந்த ஒருவர் வணக்கம் சொன்னார். அவர் பதில் வணக்கம் சொல்லாமலே கடந்தார்.

“தப்பு பண்ணிட்டேன். என் நாக்கை அறுத்துப் போட்டாலும் தகும்.”

அவள் நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

“இதுக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க?”

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். அதற்கும் ஒரு பெயர் இருந்தது. அவர் சொல்லும்போதே அது உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“அவங்கவங்க பேசுறதை வீட்டுக்குள்ளதான பேச முடியும்” என்றாள். “துண்டு, குடை எல்லாம் உங்களைப் பார்த்துச் சொன்னது. அதை ஊருக்கே சொல்லிக்கோங்க, பரவால்ல. இது உங்ககிட்டச் சொன்னதில்லையே.”

வீட்டுக்கு வந்ததும் அவர் குளியலறைப் பக்கம் திரும்பினார். இரண்டடி வைப்பதற்குள் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. திரும்பிப் பார்த்தார். அவள் கதவைச் சாத்திவிட்டிருந்தாள். வாசலில் நிற்கவில்லை, தெருவைப் பார்க்கவில்லை. பெட்டி மூடியை மூடுவது போல மூடியிருந்தாள். நாலு வருஷத்தில் அவன் வருவதற்கு முன்னால் அந்தக் கதவு சாத்தப்பட்டது அன்றுதான்.

“சாப்பாடு இருக்கு” என்றாள்.

சாப்பிட உட்காரும்முன் அவர் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டிருந்தார். வேண்டுமென்றுதான் போட்டார். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் கொடியில் போட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திரும்ப உள்ளே வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த வீட்டில் இனி அவள் எதைச் சொன்னாலும் அப்படிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள் என்று அவருக்குத் தெரிந்தது. படுத்தபோது அவளுக்கு முகத்தைக் காட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை பேட்ச்சுக்கு அப்பாஸ்ட்ரஃபி இருந்தது. அவர் புத்தகத்தைத் திறந்து, விளக்கத்தைக் கரும்பலகையில் எழுதினார். உதாரணமாக, நிலவைப் பார்த்துக் கவிஞர் பேசுவதாக இருந்த வரியை எழுதிப்போட்டார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கடைசி பெஞ்சு, “சார், கதவு?” என்றது.

“கதவு இல்ல.”

“சாயங்கால பேட்ச்சுக்கு நேத்துகூடச் சொன்னீங்களாமே, சார்?”

“நேத்தோட எடுத்துட்டேன்.”

இருந்தும் யாரோ ஒருவன் கொசுவை விட்டுப் பார்த்தான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் வகுப்புக்கு முதுகைக் காட்டியபடியே நின்று அடுத்த சொல்லை எழுதினார். சாயங்கால வகுப்பில் ஹைப்பர்போலுக்கும் அயரனிக்கும் திருப்புதல் இருந்தது. புத்தகத்தில் இருந்ததைச் சொன்னார். நாலைந்து பேர் தூங்கினார்கள்.

கடைக்குப் போனார். முதலாளி கல்லாவிலிருந்து தலையை ஆட்டினார். மனைவி பையை எடுத்துக்கொண்டு வந்தாள். வழியில், மின் கட்டணத்துக்கு நாளைதான் கடைசி நாள் என்றாள். சரி என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் வேகமாகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாயை முழுசாகத் திறந்தார். வாளியில் விழுந்த தண்ணீர் சத்தம் பெரிதாக இருந்தது. போதாதென்று ஷவரையும் திறந்தார். கைகால் கழுவி முடிந்தும் மூடவில்லை. வாளி நிரம்பி வழிந்தது. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நின்றார்.

குளியலறைக் கதவு தட்டப்பட்டது.

“தொட்டி காலியாயிடும். மூடுங்க.”

மூடினார். வெளியே வந்து பார்த்தபோது வாசல் கதவு தாழ் போட்டிருந்தது. கேட்டுவிட்டுச் சாத்தினாளா, கேட்காமலே சாத்தினாளா, அவருக்குத் தெரியாது. மனைவி அடுப்படியில் இருந்தாள். துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, தட்டை எடுத்து வைத்தார்.